மூன்று மணிக்கு முழங்காலளவு தண்ணீர்

அல்-குஸைர்,
ஞாயிற்றுக்கிழமை, 19 செப்டம்பர் 2010

திருமதி இன்ஸாஃப் அவர்களுக்கு, கணவன் ரிஃபாத் எழுதுவது.

கெனாவில் உன் தம்பி ஷாஸ்லியின் வீட்டுக்கு நீ சென்று இன்றோடு ஏழு நாட்களாகின்றன. என் குறைகளைத் தேதிவாரியாகக் கீழே பதிவு செய்திருக்கிறேன்.

1. 1984 ஏப்ரல் 20, வெள்ளி. நமக்கு மணமாகி இரண்டாம் மாதம். முழங்காலளவுக்கு மேல் வரமாட்டேன் என்று உறுதி சொல்லிவிட்டு என்னுடன் கடலில் இறங்கினாய். முகக்கண்ணாடி அணிந்து ஒரே ஒரு முறை தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திய பிறகு, இரண்டு மணி நேரம் கரையேற மறுத்தாய். மூன்று முறை அழைத்தேன். அன்றைய ஜும்ஆ தொழுகை தவறியது.

2. 1991 ஆகஸ்ட் 6. பவளத் திட்டின் விளிம்புக்கு அப்பால் ஒரு பெரிய ஆமையைக் கண்டாய். நான் இருபது முழத் தொலைவில்தான் இருந்தேன். என்னை அழைக்கவில்லை. இரவு உணவு முடிந்து, தட்டுகளைக் கழுவிக்கொண்டே அதைச் சொன்னாய்.

3. 2007 ஜூலை 14. நம் மகள் நிஹாலின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், தண்ணீருக்கடியில் என் மூச்சு உனக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று கூறினாய். அது உண்மையே. கூற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

4. 2010 செப்டம்பர் 12, பெருநாளின் மூன்றாம் நாள். வழக்கம்போல் பாஸ்பேட் ஏற்றும் பழைய கடற்பாலத்துப் படியில் இறங்கி, வடகாற்று தள்ளும் திசையில் திட்டின் விளிம்பையொட்டி மிதந்து, நம் வீட்டுக்கு நேரே வந்து சேர்ந்தோம். அங்கே திட்டின்மேல் நீந்திக் கரையேறப் போதிய தண்ணீர் இல்லை. நான் தடுமாறியபோது, என் சம்மதத்தைக் கேளாமல் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையைப் பிடித்து, தெற்கே உள்ள படகு வழி வரை நாற்பது நிமிடங்கள் இழுத்துச் சென்றாய். பெருநாள் கூட்டம் முழுவதும் கரையில் நின்று பார்த்தது.

5. அன்று மாலை, நம் வீட்டு உணவு மேசையில், உப்பு மீனும் வெங்காயமும் பரிமாறியபடி அந்த நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாகச் சொன்னாய். உன் தம்பி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சினியர் மச்சான், அடுத்த தடவை கடலுக்கும் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிவிடுங்க" என்றான். நீ அவனை அடக்கவில்லை.

6. செப்டம்பர் 13. உன் முகக்கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் துடுப்புக் காலணிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனி என் அனுமதியின்றிக் கடலில் இறங்குவதில்லை என்று சொல்லும்படி உன்னைக் கேட்டேன். நீ உன் தம்பியோடு பத்து மணிப் பேருந்தில் ஏறிவிட்டாய்.

மேற்கண்டவற்றுக்கும், குறிப்பாக ஆறாவதற்கும், எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியை எடுக்கமாட்டேன். தொலைபேசியில் நீ சிரித்துவிடுவாய். பேருந்து ஓட்டுநர் அவாதிடம் உன் கடிதத்தைக் கொடுத்தனுப்பலாம். கெடு: வியாழக்கிழமை, செப்டம்பர் 23.

ரிஃபாத்


கெனா,
புதன்கிழமை, 22 செப்டம்பர் 2010

நிஹாலின் தந்தை அபூ நிஹாலுக்கு,

உங்கள் கடிதத்தை ஷாஸ்லி உரக்கப் படிக்கட்டுமா என்று கேட்டான். பிடுங்கி வைத்துக்கொண்டேன். இதையும் உங்கள் குறைகளில் ஏழாவதாக எழுதிவிடாதீர்கள். இது உங்கள் பக்கம் நின்று செய்தது.

காலில் முள் இன்னும் இருக்கிறதா? அதைப்பற்றி ஒரு வரி இல்லை. ஜும்ஆ தொழுகை தவறியதற்கு ஒரு எண் ஒதுக்கியிருக்கிறீர்கள், அன்று திட்டில் உங்கள் குதிகாலில் கடல்முள்ளெலியின் முள் ஏறியதற்கு ஒதுக்கவில்லை. வெந்நீரில் வினிகர் விட்டுக் காலை வையுங்கள். ஊசியால் நோண்டாதீர்கள்.

முதல் குறைக்கு வருகிறேன். நான் கெனாக்காரி. நைலில் முழங்கையை விட்டால் விரல் தெரியாது. தண்ணீருக்கு உள்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே இருபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. அதைக் காட்ட ஒரு வாரம் பாடுபட்டது நீங்கள்தான். மொட்டைமாடியில் மாவு பிசையும் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, முகத்தை அமிழ்த்தி, குழாய் வழியே மூச்சு விடப் பழக்கினீர்கள். பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவள் என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, தலை அலசுகிறேன் என்றேன். ஏழு நாளும் தலை அலசுகிறாளே என்று தெரு முழுக்கப் பேச்சு. புதுப்பெண் என்பதால் அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போனது என்று உங்களுக்கே தெரியும்.

கடற்கரையில் என் கண்ணாடியை வாங்கி உள்ளே துப்பினீர்களே, நினைவிருக்கிறதா? ஆவி படியாமல் இருக்கத்தான் துப்புவது என்று எனக்குத் தெரியாது. "என் கண்ணாடியில உங்க எச்சிலா?" என்று நான் பதறினேன். "நிக்காஹ் ஆயிடுச்சும்மா, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றீர்கள். அந்த நாட்களில் நீங்களும் வேடிக்கை பேசுவீர்கள்.

துடுப்புக் காலணி ஒரு ஜோடிதான் இருந்தது. ஸூயஸில் வாங்கியது. ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டோம். ஒற்றைக் காலால் உதைத்து இருவரும் வட்டம் சுற்றினோம். என் கலாபிய்யா அங்கிக்குள் காற்றுப் புகுந்து கூடாரம் போல் எழும்பியது. அதைக் கையால் அமுக்கி அமுக்கி, என் இடுப்பைச் சுற்றி உங்கள் இடைவாரைக் கட்டிவிட்டீர்கள். அப்புறம் விளிம்பு வந்தது. காலுக்குக் கீழே இருந்த தரை அப்படியே முடிந்துபோனது. அதற்கு அப்பால் நீலம், அந்த நீலத்தில் தொங்கிக்கொண்டு ஆயிரம் மீன்கள். அந்த இடத்தை விட்டு நான் எப்படிக் கரையேறுவேன்? நீங்கள் மூன்று முறை அழைத்தது கேட்டது. கேட்காதது போல் இருந்தேன்.

இரண்டாவது. அந்த ஆமை. இதைப் பத்தொன்பது வருடமாக மனதில் வைத்திருந்தீர்களா? அதுவரை கடலில் நான் பார்த்த எல்லாமே நீங்கள் விரல் நீட்டிக் காட்டியவை. அதோ கிளிமீன், இதோ கிளாத்தி, அந்தப் பொந்தில் விலாங்கு. ஏழு வருடம் உங்கள் விரல் போன பக்கம்தான் என் கண் போனது. அந்த ஆமை மட்டும் எனக்கு வந்தது. அதை ஒரு மாலைப்பொழுது மட்டும் தனியாக வைத்துக்கொள்ள விரும்பினேன். இரவே சொல்லிவிட்டேனே.

நான்காவது. திட்டில் தண்ணீர் இல்லாமல் போனதற்குக் கடல் காரணமா? சமையலறைச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஜனவரியில் எழுதியது. அதில் இருப்பது குளிர்கால நேரம். இந்த ஆண்டு அரசாங்கம் கடிகாரத்தை எத்தனை தடவை திருப்பியது? ஏப்ரலில் ஒரு மணி முன்னே. நோன்பு தொடங்கியதும் பின்னே. பெருநாள் இரவில் மறுபடி முன்னே. நோன்பு முழுக்க அட்டவணையை அப்படியே படித்துப் பழகிவிட்டு, பெருநாளுக்கு அந்த ஒரு மணியைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். மூன்று மணிக்கு முழங்காலளவு தண்ணீர் என்றீர்கள். அது நான்கு மணித் தண்ணீர்.

அன்று காலை நான் கேட்டேன். "ஒரு மணி சேர்த்தீங்களா?" நீங்கள் தலை நிமிரவில்லை. "இருபத்தாறு வருஷமா இந்தக் கணக்கை நான்தான் போடறேன். நீ மீனைக் கழுவு." இதற்கு உங்கள் பட்டியலில் எண் இல்லை.

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இப்போது பதில் இல்லை. அலமாரியைப் பூட்டும்போது நீங்கள் வேறொன்றும் சொன்னீர்கள். அதையும் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

இன்ஸாஃப்


அல்-குஸைர்,
சனிக்கிழமை, 25 செப்டம்பர் 2010

இன்ஸாஃபுக்கு,

உன் கடிதம் கெடுவுக்குள் வந்தது. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

நீ அன்று காலை கேட்டாய் என்பது உண்மை. நான் சொன்னதாக நீ எழுதிய சொற்களும் உண்மை. அட்டவணை பிழையற்றது, அதைப் படித்தவன் பிழை செய்தான். அஸ்யூத் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்து, முப்பது ஆண்டுகள் சுரங்க அலுவலகத்தில் வரைபடம் திருத்திய ஒருவன் ஒற்றை மணியைக் கூட்டத் தவறினான். இதை எழுத்தில் தருகிறேன். உன் தம்பிக்குக் காட்ட வேண்டாம்.

முட்கள்: மருத்துவர் ஏழு எடுத்தார். இரண்டு தாமாகக் கரையும் என்கிறார்.

1984 பற்றி நீ எழுதியதில் ஒரு திருத்தம். வட்டம் சுற்றியது நீ மட்டுமே. வலது கால் காலணி உன்னிடம் இருந்தது, நீ இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தேன். விளிம்பு வந்தபோது நீ என் கையை எவ்வளவு இறுக்கினாய் என்றால், அந்த நான்கு விரல் தடம் பத்து நாட்கள் என் தோலில் நீலமாக இருந்தது. அலுவலகத்தில் சட்டைக் கையை மடிக்காமல் வேலை செய்தேன். அது கடும் வெயில் தொடங்கிய மாதம். மறைத்தது வெட்கத்தால் அல்ல. வேறு யாரும் அதைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். கடலுக்குள் பார்ப்பதை நானே நம் மணத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் கற்றேன். அது வரையில் இந்த ஊரில் பிறந்தும் கடலை மேலிருந்து மட்டுமே அறிந்தவன். உன்னைப் பெண் பார்க்கக் கெனாவுக்கு வந்து திரும்பிய பேருந்தில், இவளுக்குக் காட்ட இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பாஸ்பேட் தூசியும் பாழடைந்த கோட்டையும் இருந்தன. ஸூயஸுக்குச் சென்று அந்த ஒரு ஜோடியை வாங்கினேன். ஐந்து மாதங்கள் தனியே பழகினேன், நீ வந்து சேரும்போது பிறவியிலேயே தெரிந்தவன் போல் தோன்றவேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு மீனின் பெயரையும் மீனவர்களிடம் கேட்டு எழுதி மனனம் செய்தேன். ஆகவே என் விரல் நீண்ட திசையெல்லாம் உன் கண் வந்தது உனக்குக் குறையாகத் தோன்றியது என்றால், அது எனக்குப் புதிய செய்தி. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஆமையின்மேல் எனக்கிருந்த கோபத்தின் காரணம் வேறு: அதன் பெயரும் என்னிடம் தயாராக இருந்தது.

இப்போது ஐந்தாவது குறை. நீ அதைத் தாண்டிச் சென்றுவிட்டாய், நான் தாண்டவில்லை. அன்று மேசையிலிருந்து நான் எழுந்து போனது நீ கதை சொன்னதற்காக அல்ல. ஷாஸ்லியின் கடிகார வேடிக்கைக்காகவும் அல்ல. அலை என்னைத் திட்டிலிருந்து உருட்டிக் கண்ணாடியைப் பறித்தபோது, குழாய்க்குள் என்னிடமிருந்து ஒரு ஒலி வந்தது. நீ அந்த மேசையில், கையைக் குழாய்போல் வாயில் வைத்துக்கொண்டு, அந்த ஒலியை எழுப்பிக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். ஷாஸ்லியின் மனைவி வஹீபாகூட.

1984 ஏப்ரல் 20 அன்று தரை முடிந்த இடத்தில் உன் குழாய்க்குள்ளிருந்தும் ஒரு ஒலி வந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நிஹாலிடம்கூட இல்லை.

அலமாரியைப் பூட்டும்போது நான் கூறியது: "இந்தக் கடல் நான் உனக்குக் கொடுத்தது. திருப்பி எடுத்துக்கிறேன்." கேட்டபடி எழுதிவிட்டேன். இனி உன் முறை. கெடு: வியாழக்கிழமை, செப்டம்பர் 30.

ரிஃபாத்


கெனா,
புதன்கிழமை, 29 செப்டம்பர் 2010

அபூ நிஹாலுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்தாவது குறை நியாயமானது. நான் செய்தது தவறு. அதற்கு விளக்கம் சொன்னால் தவறு பாதியாகிவிடும் என்பதால் முதலில் இதைத் தனியாக எழுதிவிடுகிறேன்: தவறு, வருந்துகிறேன்.

விளக்கம் வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நாற்பது நிமிடம் உங்களை இழுத்துக்கொண்டு போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் இருந்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். உங்கள் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தீர்கள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பாதி வழியில், இந்த மனிதர் என் கையிலேயே போய்விடுவார் என்று நினைத்தேன். நிஹாலிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தீர்கள், குளித்தீர்கள், ஜபனா காப்பி கேட்டீர்கள், இஞ்சி போதாது என்றீர்கள். அந்த நிமிடத்திலிருந்து, நிஹாலிடம் சொல்ல யோசித்த வார்த்தைகளே என் வாயில் சுற்றிக்கொண்டிருந்தன. மேசையில் அதைச் சொல்லத் தொடங்கியபோது, சிரித்துக்கொண்டு சொன்னால்தான் சொல்லமுடியும் என்று இருந்தது. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அதையும் குறையாக எழுதியிருப்பீர்கள், இல்லையா?

ஸூயஸுக்குப் போய் வாங்கியது எனக்காக என்று எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் தனியாகப் பழகியதும் தெரியாது. பிறவியிலேயே தெரிந்தவர் என்றுதான் இத்தனை வருடமும் நம்பினேன்.

நேற்று மாலை வஹீபாவும் நானும் நைல் கரையில் உட்கார்ந்திருந்தோம். "அண்ணி, அந்தத் தண்ணிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? இவ்வளவு நடந்தும் அத நினைச்சுத்தானே பெருமூச்சு விடறீங்க" என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். விளிம்பு, நீலம், மீன்கள் நம்மைச் சட்டை செய்யாமல் தங்கள் வேலையைப் பார்ப்பது. சொல்லிக்கொண்டே வந்து பார்க்கிறேன், என் விரல் நைலின்மேல் நீண்டிருக்கிறது, உங்கள் விரலைப் போலவே. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்கும் என்றேன். அவள் நம்பவில்லை. அவளை அழைத்துவந்து காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அக்டோபர் இரண்டாம் வாரம், தண்ணீர் இதமாக இருக்கும்போது.

இனி ஆறாவது. அனுமதி கேட்டுத்தான் இறங்குவேன் என்று எழுதித் தரமாட்டேன். நீங்கள் கொடுத்தது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பேச்சுக் கற்றுக்கொடுத்தவர், பேச்சைத் திருப்பிக் கேட்க முடியுமா? நான் குஸைருக்கு வந்தால் என் வீட்டுக்குத்தான் வருவேன். ஆனால் என் பொருட்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும் வீடு என் வீடு அல்ல. அப்படியானால் வஹீபாவோடு கடற்கரை விடுதியில் தங்கிக்கொள்கிறேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஏழு நாள் தலை அலசியவளுக்கு அது புதிதல்ல.

அலமாரியின் நிலையை எழுதுங்கள். நானும் உங்களைப் போலக் கெடு வைக்கலாமா? வைக்கவில்லை. உங்கள் கை எழுதும்போது எழுதுங்கள்.

இன்ஸாஃப்


அல்-குஸைர்,
சனிக்கிழமை, 2 அக்டோபர் 2010

இன்ஸாஃபுக்கு,

அலமாரியின் நிலை: செப்டம்பர் 27 முதல் திறந்திருக்கிறது. உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே திறந்தேன் என்பதைக் குறித்துக்கொள். இது உன் கோரிக்கைக்கு இணங்கிச் செய்தது அல்ல. ஏன் திறந்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

அன்று உன் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். என்னுடையதைக் கடல் கொண்டுபோய்விட்டது. நம் வீட்டுக்கு நேரே, திட்டின்மேல் இடுப்பளவு தண்ணீர் இருந்த நேரத்தில் இறங்கினேன். நேரம் சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தது. காற்று இல்லை. கண்ணாடியை அணிந்தேன், குழாயை வாயில் வைத்தேன், குனிந்தேன். தண்ணீர் நெற்றியைத் தொட்டதும் நிமிர்ந்துவிட்டேன்.

மீண்டும் குனிந்தேன். மீண்டும் நிமிர்ந்தேன். இவ்வாறு எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். என் மூச்சு என் கட்டளைக்கு உட்படவில்லை. ஐம்பத்தாறு வயதில், என் பிறந்த ஊரில், குழந்தைகள் குளிக்கும் ஆழத்தில், முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க என்னால் முடியவில்லை. மறுநாளும் சென்றேன். முந்தாநாளும் சென்றேன். ஒரு மாற்றமும் இல்லை.

உன்மேல் எனக்கிருந்த கோபம் எதனால் என்று அந்தத் தண்ணீரில் நின்றபோது எனக்கு விளங்கியது. கடலை உன்னிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அது என்னிடம் இல்லை. எனக்கில்லாதது உனக்கு மட்டும் இருப்பதைப் பொறுக்கமுடியாமல் பூட்டினேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். எழுத்தில்.

கோபம் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்றாவது குறை அப்படியே நிற்கிறது.

வஹீபாவைப் பற்றி. அவளை நீ அழைத்துவருவதில் எனக்கு மறுப்பில்லை. நம் வீட்டிலேயே தங்கலாம். ஆனால் வரிசை ஒன்று உண்டு, அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீ முதலில் தனியே வரவேண்டும். அவளுக்குக் காட்டுவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டும். ஒன்றும் தெரியாதவனுக்குத் தொடங்குவது போலத் தொடங்கு. மீன்களின் பெயர்களைச் சொல்லத் தேவையில்லை. அவை என்னிடம் இருக்கின்றன. நான் நிமிர்ந்தால் திட்டாதே. கையைப் பிடிப்பதாயிருந்தால் எந்தக் கையை என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அந்தத் தண்ணீரில் என்னிடமிருந்து ஏதேனும் ஒலி வந்தால், அது அங்கேயே இருக்கட்டும்.

எனவே பின்வருவனவற்றுக்கு எழுத்தில் பதில் தேவை: வருகிறாயா, எந்தத் தேதியில், எந்தப் பேருந்தில், முதல் நாள் எனக்கா, வஹீபாவுக்கா. பதில் அக்டோபர் 7, வியாழக்கிழமை, அவாதின் மாலைப் பேருந்தில் என் கைக்கு வந்துசேர வேண்டும். பேருந்து நிலையத்தில் நானே நிற்பேன். "பார்க்கலாம்" என்று எழுதினால் அது பதிலாகக் கொள்ளப்படாது.

ரிஃபாத்